பழைய கார் என்ன விலை போகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரொறன்ரோவில் உள்ள அண்ணா 1968 ஆம் ஆண்டுச் செவர்லே கமாரோ எஸ்.எஸ். ஒன்றை 60,000 டொலருக்குப் பார்த்து வைத்திருக்கிறார். "பாதிக் காசு நீ போடு, ஐந்து வருசத்தில் இரட்டிப்பாகும்" என்கிறார். போடலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: இரட்டிப்பை விடுங்கள். அது எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக ரகம்) தானா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடிக்குள்ளால், டாஷ்போர்ட்டில் சாரதிப் பக்கம் வாகன அடையாள இலக்கம் தெரியும். 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், 124 என்றால் வி 8, அதாவது எட்டு சிலிண்டர். எஸ்.எஸ். எல்லாமே வி 8 என்பதால், 123 வண்டியில் அந்த எழுத்து இருந்தால் பிறகு வாங்கி ஒட்டியது. 124 ஆக இருந்தாலும் ஆட்டம் முடியவில்லை. சாதாரண வி 8 கமாரோவுக்கும் அதே 124 தான்.

கார் கனடாவில் முதல் விற்பனையானது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அத்தகைய கார்களின் தயாரிப்பு விபரத்தை, அடையாள இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், ஜெனரல் மோட்டோர்ஸ் கனடா எழுத்தில் தரும். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அந்த வசதி இல்லை. விற்பவர் "பத்திரம் தேவையில்லை, எஞ்சினைப் பாருங்கோ" என்றால் எஞ்சினையும் பாருங்கள். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சின் புளொக்கில், இலக்கம் குத்திய ஒரு தட்டையான இடம் இருக்கும். கொம்பனி வெட்டிய மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் முன்பின்னாக நேராக ஓடும். அந்த இடம் வழுவழுப்பாகவோ, வட்டமாக அரைத்த கீறலோடோ இருந்தால், இலக்கத்தைப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். புளொக்கில் வார்ப்புத் திகதியும் உண்டு: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். வண்டி பூட்டிய திகதிக்குப் பிந்திய வார்ப்பு என்றால் அந்த எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்ததல்ல.

பிறகு கறள். கனடாவில் பனிக்கு வீதியில் உப்புப் போடுவார்கள். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கியின் தரை, பின் சில்லுக்கு மேலும் பின்னும் உள்ள தகடு ஆகியவற்றில் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்க்கட்டும். ஒட்டாத இடத்தில் பெயின்ருக்குக் கீழே தகடு இல்லை, பூச்சுத்தான்.

இனிக் காசு. அண்ணா ஏலத்தில் எடுப்பதென்றால், வாங்குபவர் வழக்கமாக 10 வீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். 60,000 க்கு விழுந்தால் கைவிட்டுப் போவது 66,000. விற்கும்போதும் ஏலக்காரர் 10 வீதம் எடுத்தால், போட்ட முதல் திரும்பவே 73,000 க்கு மேல் விழ வேண்டும். காப்புறுதியும் கராஜ் வாடகையும் தனி.

2014 இல் மீகம் ஏலத்தில் 1971 பிளிமத் ஹெமி குடா கூரை திறக்கும் கார் 35 இலட்சம் டொலருக்குப் போனதை அண்ணா சொல்லக்கூடும். அது ஒரு டசின் அளவில் மட்டுமே செய்த ரகம். அதை வைத்து ஊரிலுள்ள கமாரோவை மதிப்பிடக் கூடாது. பொதுச் சந்தை 2000 களின் நடுவில் ஏறி, 2008 நெருக்கடியில் விழுந்து, 2021–22 இல் மறுபடி பாய்ந்தது. வட்டி ஏறியதும் தளர்ந்தது. அறுபதுகளில் இளைஞர்களாக இருந்து இந்த வண்டிகளுக்கு ஏங்கியவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் விற்கும் பக்கம். இளையவர்கள் தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களைத் தேடுகிறார்கள். ஆதாரமுள்ள அசல் வண்டி விலை தாங்கும். எழுத்து ஒட்டிய வண்டிதான் முதலில் சறுக்கும். அண்ணாவுக்கு ஓட ஆசை என்றால் வாங்கட்டும். இலாபத்துக்கென்றால் உங்கள் பாதியைப் போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடியது. விற்கமுன் எஞ்சினை மாற்றலாமா?
– வாசகி, விசுவமடு

பதில்: வேண்டாம். ஜப்பான் எஞ்சின் பூட்டினால் ஓட்டத்துக்கு நல்லது, சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். வாகனப் பதிவுப் புத்தகத்திலும் எஞ்சின் இலக்கம் மாற்ற வேண்டிவரும். முதலில் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் அழுத்தமானியை வைத்து, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்டாட்டரை ஐந்தாறு சுற்றுச் சுழற்றுங்கள். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் றிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துள்ளன: எரியாத மண்ணெண்ணெய் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியதன் விளைவு. ஏறாவிட்டால் கரி பிடித்த வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் குறைந்தால் ஹெட் கஸ்கற் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு) போயிருக்கும். நாலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் இடிக்காமலிருக்க, அழுத்தத்தைக் குறைக்கவென்று அந்தக் காலத்தில் கஸ்கற்றை இரண்டாக வைத்தவர்களும் உண்டு.

முன் சில்லின் கீழ் ட்ரனியனையும் (சில்லைத் தாங்கும் புரியுள்ள மூட்டு) பாருங்கள். கிறீஸ் காணாமல் புரி தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடியும்.

கேள்வி: வெளிநாட்டில் நிற்கும் அறுபதுகளின் ஃபோர்ட் மஸ்டாங் கார் ஒன்றை முல்லைத்தீவுக்கு இறக்கலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: பாவித்த கார் இறக்குமதிக்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு, அறுபதுகளின் கார் சாதாரண வழியில் வராது. வந்தாலும் ஸ்டியரிங் இடப்பக்கம். அங்கேயே நிற்கட்டும்.

கேள்வி: 2009 இல் விட்டுவந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் கூடு கிடைத்தது. புத்தகம் இல்லை. என்ன விலை கேட்கலாம்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இப்போது கேட்டால் இரும்பு விலைதான் சொல்வார்கள். காரின் பழைய பதிவு இலக்கத்தையும் கூட்டில் உள்ள ஷசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தின் சான்றுபடுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் உரித்துப் பத்திரங்களும் தேவைப்படும். வேறொரு காரின் ஷசித் தகட்டை இதில் அடித்துத் தருகிறோம் என்று வருபவருக்கு இடம் கொடுக்காதீர்கள். அது குற்றம், பிடிபட்டால் காரும் போகும். பிரதி கைக்கு வரும்வரை கூட்டைத் தரையில் விடாமல், நாலு மூலையிலும் கல் வைத்து உயர்த்தி, கூரைக்குக் கீழே நிறுத்துங்கள்.