பிரேக்கைப் பிடித்தது யார்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. வண்டி நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் உள்ளே ஒரு குரல், ‘நாய், பிரேக் போடு’ என்றது. அன்றிலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறேன். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தான பிறகு ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்று வருகிறது. நடப்பது நடக்கிறது, எண்ணம் பின்னாலேயே வந்து கதை சொல்கிறது. முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. எல்லாம் தானாகவே நடக்கிறதென்றால் நான் எதற்கு? நேற்று மனைவியிடம் எரிந்து விழுந்துவிட்டு, ‘நான் கத்தவில்லை, கத்தல் நடந்தது’ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

கே.

அன்புள்ள கே.,

நல்லவேளை, வாயோடு நின்றது.

நீங்கள் கண்டது பிரமை இல்லை. இந்தப் பதிலிலேயே ‘பிரேக்’ என்று அடித்தேன், அழித்துத் ‘தடை’ என்றேன், மறுபடி ‘பிரேக்’ ஆக்கினேன். ‘தடை என்றால் யாருக்குப் புரியும்’ என்ற காரணம், மாற்றி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. யாராவது கேட்டிருந்தால், யோசித்துத்தான் மாற்றினேன் என்று சத்தியமே செய்திருப்பேன்.

வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிக்கொண்ட ஒருவரை 1970களில் மூளை ஆய்வாளர்கள் மைக்கேல் கஸானிகாவும் ஜோசப் லெடூவும் சோதித்தார்கள். பேசத் தெரிந்த இடப்பாதிக்குக் கோழிக்கால் படம் மட்டும் காட்டப்பட்டது. வலப்பாதிக்குப் பனி மூடிய காட்சி மட்டும். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது இடப்பாதி இயக்கும் வலக்கை கோழியைத் தொட்டது, வலப்பாதி இயக்கும் இடக்கை மண்வாரியைத் தொட்டது, பனியை அள்ள. ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது பனியையே பார்க்காத பாதி. ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது! அது பொய்யில்லை, அந்த மனிதர் நம்பித்தான் சொன்னார்.

(மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983 சோதனையைக் காட்டி, நாம் அறியும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். கை அசையும் முன்பே எழுவதாக அவர் பதிவுசெய்த மூளை அலைக்கு இன்று வேறு விளக்கங்களும் உண்டு. அதை நம்பி நான் வீடு கட்டமாட்டேன். எனக்குக் கோழிக்கொட்டகை போதும்.)

இப்போது உங்கள் வாய் வரை வந்த வாக்கியத்துக்கு வருவோம். ‘நான் கத்தவில்லை, கத்தல் நடந்தது.’ இதைச் சொன்னது யார்? பின்னாலேயே வந்து கதை சொல்கிற அதே உள்குரல், அந்த வர்ணனையாளர்தான். நேற்றுவரை எல்லாவற்றுக்கும் ‘நான்தான்’ என்று கை தூக்கியவர், வசதிக்கேற்ப இன்று ‘நானில்லை’ என்கிறார். இரண்டுமே காரியம் முடிந்த பிறகு வந்த பேச்சு. முதலாவதை நம்பாதவர் இரண்டாவதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

அந்தக் குரல் வெறும் வெட்டிப்பேச்சும் இல்லை. வண்டி பழகிய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ‘ஆக்சிலேட்டரை விடு, பிரேக்கைப் பிடி, காலை ஊன்று’ என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தானே செய்தீர்கள்? அன்று அந்தக் குரல் கைக்கு முன்னால் போனது. பிறகு கை கற்றுக்கொண்டது, குரல் பின்னுக்குப் போய்விட்டது. போன மாதம் தாமதமாக வந்த குரல் பல வருஷங்களுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. கோபத்துக்கும் இதேதான். கத்தும் நொடியில் அதை நிறுத்த ஆள் கிடைக்காது. கத்திய பிறகு உள்ளே என்ன சொல்லிக்கொள்கிறோம் என்பது அடுத்த கத்தலில் தெரியும்.

‘நான் எதற்கு?’ என்று கேட்டிருந்தீர்கள். ரமணர் கோபுரந்தாங்கியை உவமை சொன்னார். கோபுரத்தின் அடியில், மொத்தப் பாரமும் தன் தோளில் இருப்பதுபோல் முக்கிக்கொண்டு நிற்கிற சுதை பொம்மை. உலகப் பாரத்தைக் கடவுள் சுமக்க, நாம் சுமப்பதாக எண்ணுவதைப் பற்றிச் சொன்னது அது. நான் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன்: பொம்மை எதையும் தாங்கவில்லைதான், ஆனால் அதுவும் கோபுரத்தைச் சேர்ந்ததே. அதை யாரும் இடித்துத் தள்ளச் சொல்லவில்லை.

பயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. சுற்றியுள்ளவை கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தெரிந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, இந்தக் கவனிப்பை நிறுத்திவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தத்துவம் எங்கேயும் போய்விடாது. வீட்டில் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்றும் எழுதுங்கள்.

அப்புறம், அந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று கடிதத்தில் இல்லையே?