வாசகர் கேள்வி பதில்: 1907 என்று வெட்டிய கத்தி

கேள்வி: அப்பப்பா மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருடைய பெட்டகத்துக்குள் ஒரு நீட்டுக் கத்தி, மரப்பிடி, கிரீடத்துக்குக் கீழே 1907 என்று வெட்டியிருக்கிறது. நூறு வருடம் தாண்டிவிட்டது, கறளை உரஞ்சி மினுக்கினால் நல்ல காசு வரும் என்கிறான் மச்சான். உண்மையா? (காரைநகர் வாசகர்)

பதில்: முதலில் மச்சானிடமிருந்து கத்தியை வாங்கி வையுங்கள். நானும் சின்ன வயதில் ஒரு பித்தளைப் பிடியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அதிலிருந்த இலக்கத்தில் பாதியைக் கரைத்தவன்தான். இலக்கமும் எழுத்தும் போனால் அது வெறும் இரும்பு. தையல் மெசின் எண்ணெய் கொஞ்சம் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறை இருந்தால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள், உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குத் தோல் ஈரத்தைக் குடித்து அலகைத் தின்றுவிடும்.

சரி, 1907. அது கத்தி பிறந்த வருடம் இல்லை, அந்த மாதிரியின் பெயர். பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்ட் துவக்கு முனையில் மாட்டுகிற பயனெற் இது, அலகு 17 அங்குலம் வரவேண்டும், அளந்து பாருங்கள். செய்த தேதி அந்த 1907-க்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும்: 4, அடுத்து 16 என்றால் 1916 ஏப்ரல். கூடவே வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் என்று செய்தவர் பெயர். கிரீடத்தின் கீழ் ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வேர்ட், ஜி.ஆர். என்றால் அவருக்குப் பிறகு வந்த ஐந்தாம் ஜோர்ஜ். மறுபக்கத்து அம்புக்குறி அரச சொத்து என்பதற்கு, எக்ஸ் குறி அலகை வளைத்துப் பார்த்துத் தேறியதற்கு.

முதலாம் உலகப் போரில் இதை இலட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள், அதனால் வயதை மட்டும் வைத்து விலை ஏறாது. ஆனால் கைக்காப்பின், அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவில் குறுக்கே நிற்கிற துண்டின், ஒரு முனை கொக்கிபோல வளைந்திருக்கிறதா? 1913-இல் அந்தக் கொக்கியைக் கைவிட்டார்கள், முன்பு செய்தவற்றிலும் நிறைய வெட்டி எறிந்தார்கள். கொக்கியோடு மிஞ்சியதற்குத்தான் சேகரிப்பவர்கள் அடிபடுவார்கள். கொக்கியைப் பிறகு ஒட்டி விற்கிற கெட்டிக்காரரும் உண்டு: கொக்கி இருந்து தேதி 1916 என்றால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வாள் கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்தர் வாள் என்பது ஊர்க்கதை. தலை பித்தளை, அலகின் முதுகில் கோணல் கையெழுத்து, கடைசியில் 1878. (கரவெட்டி வாசகி)

பதில்: கதையைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டது 1795-இல். இது பிரெஞ்சுக்காரரின் 1874ஆம் ஆண்டு மாதிரி கிரா துவக்கின் பயனெற்போலத் தெரிகிறது. அலகின் முதுகு தடித்து, முனைப்பக்கமிருந்து பார்த்தால் ஆங்கில 'ரீ' (T) எழுத்துப்போல இருக்கும். அந்தக் கையெழுத்து ஆயுதசாலையின் பெயரும் மாதமும் வருடமும்: செந்த் எத்தியேன், ஷாத்தெல்ரோ, துல் என்று ஏதாவது. இதுவும் அபூர்வமில்லை. கைக்காப்பிலுள்ள இலக்கமும் உறையிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருந்தால் விலை கொஞ்சம் கூடும். பிடி முழுக்கப் பித்தளையாகி அலகும் பாம்புபோல நெளிந்திருந்தால் அது வேறு, அதற்கு முந்திய 1866ஆம் ஆண்டு மாதிரி ஷாஸ்போ துவக்கின் பயனெற்.

கேள்வி: பரணில் குழல் வாய்வழி வெடிமருந்து இடிக்கிற பழைய துவக்கு. கனடா அண்ணா அனுப்பச் சொல்கிறார். (சாவகச்சேரி)

பதில்: அனுப்ப வேண்டாம். குழலுக்குள் கருமருந்து கிடந்தால் எத்தனை வருடம் போனாலும் பற்றும், அதனால் யாரும் விசையை இழுத்து விளையாடக்கூடாது. துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பழையது என்று சொல்லித் தப்ப முடியாது, பொலிஸில் சொல்லிவிடுங்கள். அது 1815 மார்ச் 2-க்கு முந்தியது என்றால் இலங்கையின் தொல்பொருள் சட்டமும் வரும், தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு நகராது.