கம்ப்யூட்டரே பிளான் போடும்போது மகளை பி.ஆர்க். சேர்க்கலாமா?

அன்புள்ள அம்மா,

ப்ளஸ் டூ படிக்கும் மகள் ஆர்க்கிடெக்சர் (கட்டட வடிவமைப்பு) படிப்பான பி.ஆர்க்.தான் வேண்டும் என்கிறாள், உறவினரோ "ஏஐ நொடியில் பிளான் போட்டுவிடும், ஐந்து வருஷம் வீண்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் எந்த வேலை குறைகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

சொன்னதை அப்படியே வரைந்து கொடுக்கும் வேலைதான் குறைகிறது. முன்பு ஒரு ஜன்னலை இரண்டடி தள்ளினால் பிளான், செக்‌ஷன், எலிவேஷன் என்று ஒரே கட்டடத்தின் எல்லா வரைபடங்களையும் தனித்தனியே திருத்த வேண்டும். ரெவிட் போன்ற பிம் மென்பொருளில் கட்டடத்தையே முப்பரிமாண மாதிரியாக உருவாக்குகிறார்கள்; அதில் சுவருக்குத் தடிமன், உயரம், பொருள் எல்லாம் உண்டு. ஓரிடத்தில் மாற்றினால் எல்லா வரைபடமும் மாறிவிடும். ஏ.சி. குழாய் பீமில் இடிப்பதும் சைட்டுக்குப் போகுமுன்பே திரையில் தெரிந்துவிடும். ஆனால் மேற்கு வெயிலுக்கு அந்த ஜன்னல் அங்கே இருக்கலாமா என்று முடிவெடுப்பது உங்கள் மகளின் வேலை.

வடிவமைக்கும் முறையே மாறியிருக்கிறது. கிராஸ்ஹாப்பர் என்ற மென்பொருளில் வடிவத்தை நேராக வரைவதில்லை, விதியை எழுதுகிறார்கள். வெயில் படும் கோணத்துக்கேற்ப தடுப்புகளின் இடைவெளி மாறட்டும் என்று விதி கொடுத்தால் ஏராளமான வடிவங்கள் வரும். தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். விதி எழுதக் கணக்கு வேண்டும், அதனால் கணக்கை அவள் விட்டுவிடக் கூடாது.

ஸ்பெயினில் பில்பாவோ நகரின் குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997-இல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகளைக் கட்ட உதவியது விமான வடிவமைப்புக்காகப் பிறந்த கேட்டியா மென்பொருள். ஆனால் அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் கெரி அந்தக் கட்டடத்தைக் கையால் செய்த மாதிரிகளில்தான் தொடங்கினார். நம் பக்கத்திலும் பாருங்கள்: பெங்களூரில் 2023-இல் திறந்த, கான்கிரீட்டை இயந்திரம் அடுக்கடுக்காக இடும் 3டி பிரிண்டிங் முறையிலான தபால் நிலையத்தை எல் அண்ட் டி கட்டியது, தொழில்நுட்பத்தில் வழிகாட்டியது சென்னை ஐஐடி.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் சில வருஷம் பெரும்பாலும் குறைவுதான். பொறுமை வேண்டும்.

இப்போதே பணம் கட்டி மென்பொருள் வகுப்பில் சேர்க்காதீர்கள். அவள் கற்கும் மென்பொருள் படிப்பு முடிவதற்குள் மாறிவிடலாம். தினமும் கையால் வரையட்டும். பி.ஆர்க். சேர்வதற்கான நாட்டா நுழைவுத் தேர்விலும் கையால் வரையும் பகுதி இருக்கிறது. கல்லூரி பார்க்கப் போனால் கம்ப்யூட்டர் லேபோடு திரும்பிவிடாமல் ஸ்டுடியோவுக்குள் போய் மாணவர்களின் மாதிரிகளைப் பாருங்கள், சைட்டுக்கு எத்தனை முறை அழைத்துப் போகிறார்கள் என்று சீனியர்களிடம் கேளுங்கள். அப்புறம், இந்தப் படிப்பையும் தொழிலையும் முறைப்படுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே ஃபீஸ் கட்டுங்கள். அது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் என்று பதிவு செய்ய முடியாது.