போட்டால் போகிறது, விட்டால் வருகிறது: படர்தாமரைக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 34. நாள் முழுக்க பைக்கில் சுற்றும் விற்பனை வேலை. எட்டு மாதத்துக்கு முன் தொடை இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்த படர்தாமரை, இப்போது இரண்டு தொடையிலும் இடுப்பைச் சுற்றியும் பரவிவிட்டது. மருந்துக் கடையில் கொடுத்த ஆயின்மென்ட்டைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. நிறுத்தினால் அடுத்த வாரமே முன்பைவிட அதிகமாக வருகிறது. மனைவிக்கும் இடுப்பில் வட்டமாக வந்திருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையும் எங்களோடுதான் படுக்கிறது. இது ரத்தத்தில் கலந்துவிட்டதா? என்ன சோப்பு போடலாம்?

பதில்: ரத்தத்தில் எதுவும் கலக்கவில்லை. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, தோலின் மேல்படலத்திலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கஷாயம் குடிப்பதும், கத்தரிக்காய், கருவாட்டை ஒதுக்குவதும் இதற்குத் தேவையில்லை.

சிக்கல் எங்கே என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: 'இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது.' பூஞ்சையைக் கொல்லும் களிம்பு எதுவும் அவ்வளவு வேகமாக அரிப்பை அடக்காது. அப்படி அடக்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டு.

அந்த டியூபை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் உள்ள மருந்துகளைப் படியுங்கள். குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஹாலோபீட்டசால், டெக்ஸாமெத்தசோன், புளூசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஓர் இடத்தில் மட்டும் கண் ஏமாறும். குளோபிட்டசால் ஸ்டீராய்டு, அதுவும் மிகக் கடுமையான வகை. குளோட்ரிமசால் பூஞ்சை மருந்து, படர்தாமரைக்கு உரியது. இரண்டையும் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஒரே டியூபில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து என்று மூன்று நான்கைக் கலந்து விற்பதும் உண்டு. எது வந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும் என்ற கணக்கில் செய்த கலவை அது. படர்தாமரைக்குக் கெடுதல் செய்வதில் அதற்கு இணை கிடையாது.

காரணம் இதுதான். அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்வதல்ல. பூஞ்சையை எதிர்த்து உங்கள் தோல் போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. காவல்காரர் தூங்கிவிட்டால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். அரிப்பு இல்லாத அந்த நாட்களில் பூஞ்சை தடையில்லாமல் வெளிப்பக்கம் படர்கிறது. களிம்பை நிறுத்தியதும் தோல் விழித்துக்கொண்டு, அதற்குள் பெரிதாகிவிட்ட பரப்பு முழுவதிலும் சண்டை போடுகிறது. வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரிந்தால், ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை என்று தோல் மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார். இன்னொரு சேதமும் உண்டு. தொடை இடுக்கில் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் அங்கே பிரசவ வரிகள் போல நீளநீளமாகத் தழும்புக் கோடுகள் விழும். படர்தாமரை போய்விடும், அந்த வரிகள் முழுதாகப் போகாது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியை இறுக்கியது. கடை கவுன்ட்டரில் அந்த விதியைப் பார்ப்பது அரிது.

ஆகவே முதல் வேலை, அந்தக் களிம்பை இன்றோடு நிறுத்துவது. நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் கூடும். முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பலரும் இந்த இடத்தில்தான் பயந்து பழைய டியூபுக்குத் திரும்புகிறார்கள். அரிப்புக்கு இரவில் லீவோசெட்டிரிசின் போன்ற மாத்திரையை மருத்துவர் தருவார். சிலருக்கு அது மறுநாள் காலைவரை தூக்கக் கலக்கம் தரும். பைக் ஓட்டும் நீங்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, இது படர்தாமரைதான் என்று உறுதி செய்வது. எட்டு மாதம் ஆன பிறகு கண்ணால் பார்த்து முடிவு செய்வது போதாது. வளையத்தின் ஓரத்தில் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் கிளைவிட்டு ஓடுவது தெரியும். சிறிய பரிசோதனைதான், அன்றே முடிவு வந்துவிடும். வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. இடுக்கில் ஈரமாகச் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு பொட்டுகள் சிதறி, விரைப்பையிலும் இருந்தால் அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம்; சர்க்கரையைப் பார்க்க வேண்டும். வெள்ளி நிறத்தில் தடித்த செதில் உதிர்ந்தால் சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைந்த வெளிறிய படை என்றால் எந்தக் களிம்பும் போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொழுநோயா என்று பார்த்து, இருந்தால் மருந்தும் அங்கே இலவசம்.

இனி களிம்பு. ஒரு மருந்து மட்டும் உள்ளதாக இருக்கட்டும்: லூலிகோனசோல், குளோட்ரிமசால், கீட்டோகோனசோல், செர்ட்டாகோனசோல் இவற்றில் ஒன்று. எது என்பதைவிட எவ்வளவு, எதுவரை, எத்தனை நாள் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்.

அளவுக்கு விரல்தான் கணக்கு. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். இது விரல்களைச் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். உங்களுக்கு இரண்டு தொடை இடுக்கும் பக்கத்துக்கு ஒரு கை, இடுப்பைச் சுற்றி இரண்டு கை என்று வைத்தால் நான்கு கைப் பரப்பு. ஒரு தடவைக்கு ஒரு கிராம், தினம் இரண்டு வேளை என்றால் இரண்டு கிராம். 15 கிராம் டியூப் ஒரு வாரத்தில் தீரும். ஆறு வாரத்துக்கு 84 கிராம், அதாவது ஆறு டியூப் வாங்க வேண்டும். ஒரே டியூபை ஒரு மாதம் ஓட்டியிருந்தால், மருந்து கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. மருந்து போடவே இல்லை என்றுதான் அர்த்தம். லூலிகோனசோல் தினம் ஒரு வேளை போதும் என்பதால் களிம்பின் அளவு பாதியாகும்.

தடவும்போது நடுவில் தொடங்காதீர்கள். படர்தாமரையின் நடுப்பகுதி ஆறியது போல இருக்கும், பூஞ்சை உயிரோடு இருப்பது ஓரத்தில். கண்ணுக்குத் தெரியும் ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலில் தொடங்கி உள்நோக்கி வாருங்கள். குளித்து, ஈரம் ஒற்றி, ஐந்து நிமிடம் ஃபேன் காற்றில் நின்ற பிறகு தடவுங்கள். தடவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். எல்லாம் மறைந்து தோல் சாதாரணமானபின் இன்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அரிப்பு நின்ற நாளில் நிறுத்துவது பாதிக் கிணறு தாண்டுவது.

உங்கள் அளவுக்குப் பரவிய பிறகு களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் தேவைப்படும். இப்போது இந்தியாவில் பரவலாக இருக்கும் பூஞ்சை வகைக்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். பூஞ்சையின் எந்த என்சைமை டெர்பினஃபைன் மருந்து தாக்க வேண்டுமோ, அதிலேயே இந்த வகையில் பலவற்றுக்கு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. அதனால் முன்பு இரண்டு வாரத்தில் குணமாக்கிய டெர்பினஃபைன் இப்போது பலருக்குத் தோற்கிறது. பெரும்பாலான தோல் மருத்துவர்கள் இட்ரகோனசோல் பக்கம் போயிருப்பது இதனால்தான். அந்தக் காப்ஸ்யூல் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டியது. வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. வாய்வுக்குப் போடும் ஆன்டாசிட், பான்டோபிரசோல் போன்றவை இதை வீணாக்கிவிடும். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின், வாந்திக்கு டோம்பெரிடோன் எடுப்பவர்களும் இதயம் பலவீனமானவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, பல வாரம் எடுக்க வேண்டியிருக்கும். இதைக் கடையில் கேட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மருந்தெல்லாம் சரியாக இருந்தும் திரும்பி வருகிறது என்றால், துணியைப் பார்க்க வேண்டும். உங்கள் பேன்ட்டைப் புரட்டிப் போட்டு, நான்கு தையலும் சேரும் இடத்தைப் பாருங்கள். நாள் முழுக்க பைக் சீட்டில் அழுந்தி, வியர்வையில் ஊறி, உதிர்ந்த செதில் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. ஜீன்ஸ் என்றால் நான்கு நாள் போட்டுவிட்டுத்தான் துவைப்போம். குணமாகும்வரை ஜீன்ஸ் வேண்டாம். தளர்வான பருத்திப் பேன்ட்டைத் தினமும் மாற்றுங்கள். ஜட்டி, பனியன், துண்டு, லுங்கியை வீட்டுத் துணியோடு ஒரே பக்கெட்டில் ஊற வைக்காதீர்கள். வாஷிங் மெஷினில் 60 டிகிரி வெந்நீர் வசதி இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் கை பொறுக்காத சூட்டில் தனியாக ஊற வைத்துத் துவையுங்கள். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப் போட்டு, தையல் ஓரங்களில் சூடாக அயர்ன் செய்யுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த ஜட்டியைப் போடுவது மருந்துச் செலவை இரட்டிப்பாக்கும்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா? இடுப்பைச் சுற்றி வந்திருக்கிறது என்று எழுதியிருப்பதால் கேட்கிறோம். நூல் கயிறு குளித்த ஈரத்தையும் வியர்வையையும் வைத்துக்கொண்டு இடுப்பிலேயே கிடக்கும். சிகிச்சை முடியும்வரை கழற்றிவிட்டு, பிறகு புதியதாகக் கட்டிக்கொள்ளலாம். மனைவிக்கு உள்பாவாடை நாடா இறுகும் இடத்தில்தான் வந்திருக்கும். நாடாவைத் தினம் ஒரே இடத்தில் இறுக்காமல், அகலமான பட்டை வைத்த பாவாடைக்கு மாறட்டும். சமையல், துவைத்தல் முடிந்ததும் நனைந்த பாவாடையை உடனே மாற்றட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் குணமாகி மற்றவருக்கு இருந்தால் அது கைமாறிக்கொண்டே இருக்கும். அவர் கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். களிம்பைப் போல மாத்திரையை அந்த நேரத்தில் எளிதாகத் தர முடியாது.

குழந்தைக்குத் தனித் துண்டு, முடிந்தால் தனிப் படுக்கை. உடம்பில் வட்டம் வந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிக் களிம்பு வாங்கலாம். தலையில் செதிலோடு முடி கொட்டி வட்டமாக வழுக்கை விழுந்தால் களிம்பு வேலை செய்யாது, பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கும். அதற்கு வாய்வழி மருந்துதான்.

உங்கள் கால் விரல் இடுக்கையும் கால் நகங்களையும் ஒருமுறை பாருங்கள். நாள் முழுக்க ஷூ போடுபவர்களுக்கு அங்கே வெள்ளையாக ஊறிய சேற்றுப்புண்ணோ, மஞ்சளாகத் தடித்த நகமோ இருந்தால் பூஞ்சையின் கிடங்கு அதுதான். ஜட்டியைக் கால் வழியாக ஏற்றும்போது அங்கிருந்து இடுக்குக்கு வந்துவிடும். முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி என்று வரிசையை மாற்றினாலே அந்த வழி அடைபடும்.

சோப்பு கேட்டிருந்தீர்கள். எந்தச் சோப்பும் படர்தாமரையைக் குணப்படுத்தாது. சாதாரணக் குளியல் சோப்பு போதும். கீட்டோகோனசோல் சோப்பு அலசியதும் போய்விடும், தோலை வறட்டவும் செய்யும். குளிக்கும் தண்ணீரில் டெட்டால் ஊற்றுவதும், நாரால் தேய்ப்பதும் இடுக்குத் தோலைப் புண்ணாக்கும். ஊர்ப்பக்கம் வண்டுகொல்லி இலையை, சீமை அகத்தி என்றும் சொல்வார்கள், அரைத்துப் போடுவார்கள். அதில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் இலைக்கு இலை வீரியம் மாறும், இடுக்கில் எரிச்சல் தரும்; இவ்வளவு பரவிய நிலையில் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். எலுமிச்சை, பூண்டு, டூத்பேஸ்ட், மண்ணெண்ணெய் கொப்புளம் போட வைக்கும்.

கடைசியாக, கறுப்பு. ஓரம் தட்டையாகி, செதிலும் அரிப்பும் நின்ற பிறகும் அந்த இடம் கறுத்தே இருக்கும். அது நோய் அல்ல, தோல் விட்ட நிழல். மங்க பல மாதம் ஆகும். அதைப் போக்குகிறேன் என்று நிறம் மாற்றும் கிரீமை வாங்கினால், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயினோடு மொமெட்டசோனும் கலந்த டியூபாக அது இருக்கலாம். நான்கு வாரம் கணக்காகப் போட்ட பிறகும் ஓரம் மேடாக, செதிலோடு இருந்தால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய டியூபின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.