கிடார்ல ஸ்கேல் (ஸ்வர வரிசை) எல்லாம் மனப்பாடம், ஆனா சோலோ (தனியா வாசிக்கிற பகுதி) வாசிச்சா ஸ்கேல் ஒப்பிக்கிற மாதிரியே இருக்கே, என்ன பண்றது?

பென்டடானிக்னு அஞ்சு ஸ்வர ஸ்கேல், அதுக்கு கிடார் கழுத்துல விரல் வைக்கிற அஞ்சு பாக்ஸையும் வீடியோ பாத்து உருப்போட்டு வெச்சிருப்பீங்க, சரியா? நானும் அதே கேஸ்தான். சேலத்துல ஒரு ஆர்கெஸ்ட்ராவுல இருந்தப்ப ஒரு ரிசப்ஷன்ல எட்டு பார் (தாள வட்டம்) சோலோ குடுத்தாங்க, நான் அஞ்சாவது ஃப்ரெட்ல (கழுத்துல இருக்கிற கட்டம்) ஆரம்பிச்சு மேல போயி கீழ வந்து திரும்ப மேல போயி... கீபோர்டு அண்ணன் மைக்க கையால பொத்திக்கிட்டு "ஏம்ப்பா, ஏற்காடு பஸ்ஸு கூட இருவது வளைவுல எங்கயாச்சும் ஒரு எடத்துல நிக்கும்டா"ன்னாரு. டிரம்ஸ்காரன் சிரிச்சுட்டான்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் மூணே நோட்டு, அதாவது மூணே ஸ்வரம். ஏ மைனர்ல ரெண்டாவது ஸ்ட்ரிங் 5வது ஃப்ரெட்ல ஈ, 8ல ஜி, மொத ஸ்ட்ரிங் 5ல ஏ, அவ்ளோதான். எங்க வீடு அம்மாபேட்டை, பக்கத்து வீட்ல விசைத்தறி, அதுதான் எனக்கு தாளம் தட்டுற மெட்ரோனோம். தறி ரெண்டு தட்டு தட்டினா நான் ஒரு நோட்டு, அப்புறம் ஒரு தட்டு தள்ளி ஆரம்பிக்கிறது, அப்புறம் நடுவுல ஒண்ணுமே வாசிக்காம சும்மா இருக்கிறது. இந்த சும்மா இருக்கிறதுதான் எனக்கு ரொம்ப நாள் வரவேயில்ல, கை அரிக்கும். அடுத்து ஏ மைனர், எஃப், சி, ஜி கார்டை (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) ரெக்கார்ட் பண்ணி ஓடவிட்டேன். ஏ மைனருக்கும் எஃப்புக்கும் ஏ-ல நிக்கலாம், சி-க்கு ஈ, ஜி-க்கு ஜி, அந்தந்த கார்டுக்குள்ளயே அந்த நோட்டு இருக்கு. மூணு நோட்டுல நாலு கார்டும் அடங்கிடுது, இது தெரியாம மூணு வருஷம் பாக்ஸ் பாக்ஸா ஓடியிருக்கேன்! இது பழகினதும் மூணாவது ஸ்ட்ரிங் 7ல டி-ய சேத்து, அதை ஈ வரைக்கும் பெண்ட் பண்ணுங்க, அதாவது கம்பிய வளைச்சு ஏத்துங்க.

ஸ்கேலே வேணாம்னு நான் சொல்லல, சண்டைக்கு வராதீங்க. இந்த ஏ மைனர் பென்டடானிக்கக் கேட்டுட்டு "இது சுத்த தன்யாசி ராகம், கமகம் இல்லாம கொல்றான்"னு ஒருத்தர் வருவாரு. ஸ்வரம் அதேதான் சார், ராகம் வாசிக்கிறேன்னு நான் எங்க சொன்னேன்?

இவ்ளோ உழைச்சு என்ன, இப்ப பாதி கச்சேரிக்கு கிடார்காரனையே கூப்பிடறதில்ல, கீபோர்டுலயே கிடார் டோன் இருக்காம். கூப்பிட்டாலும் கடைசிப் பந்தி, போன வாரம் ரசமும் அப்பளமும்தான் மிச்சம், அப்பளமும் நமுத்துப்போச்சு.