கோலாலம்பூர் வெக்கைக்கு ஓக் மேசை தாங்குமா?

கேள்வி: புதுக் காண்டோவுக்கு ஓக் மரத்தில் சாப்பாட்டு மேசை வாங்க ஆசை. நம் ஊர் ஈரத்துக்கு அது தாங்குமா, இல்லை காசு வீணா?

பதில்: மரம் தாங்கும். மேசையைச் செய்த விதம்தான் பல நேரம் தாங்காது. "ஆறே மாதத்தில் பிளந்துவிட்டது, ஓக்கே மோசம்" என்று யாராவது சொன்னால், மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு எப்படி முடுக்கியிருந்தது என்று கேளுங்கள்.

குளிர்நாட்டுக்கென்று சூளையில் உலர்த்திய ஓக்கில் ஈரம் 8 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நம் ஊரில் ஏர்கோன் இல்லாத அறையில் அது மெல்ல 14, 15க்கு ஏறும். இரவில் மட்டும் ஏர்கோன் ஓடும் வீட்டில் 12, 13. நீளவாக்கில் மரம் அசையாது, அகலவாக்கில்தான் விரியும். 900 மி.மீ. அகல வெள்ளை ஓக் பலகை 8லிருந்து 13க்குப் போனால் ஏறத்தாழ 16 மி.மீ. விரியும். மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததென்றால் அதில் பாதி. இறுக ஸ்க்ரூ அடித்துவிட்டால் அந்த 16 மி.மீ. எங்கே போகும்? பலகை வளையும், சட்டத்தின் மூட்டு விலகும்.

அதனால் கடையில் வெட்கப்படாமல் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். சட்டத்தில் ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை கூடாது. அகலவாக்கில் நீள்துளை வேண்டும். பலகை விரிய இடம் விட்டு, ஸ்க்ரூ துளையின் உட்பக்க முனையை ஒட்டி இருக்க வேண்டும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவா என்றும் பாருங்கள். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், சாதா இரும்பில் ஈரம் பட்டால் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும். மேற்புறம் பூசிய எண்ணெயோ வார்னிஷோ அடிப்புறமும் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கிண்ணமாகக் குழியும். ஷோரூம் குளிரில் எல்லா மேசையும் நேராகத்தான் நிற்கும், அதை நம்ப வேண்டாம்.

அடுத்து, அது ஓக்தானா? சீட்டில் "ஓக்" என்பது பல இடங்களில் நிறத்தின் பெயர். "சாலிட் வூட், ஓக்" என்று எழுதி, விரல் கோத்ததுபோல் துண்டு துண்டாக ஒட்டிய ரப்பர் மரத்துக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள். பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். முகத்தில் ஓடும் வரி முனையிலும் இறங்க வேண்டும், நடுவிலிருந்து விரியும் கதிர்க்கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரிய வேண்டும். அந்தக் கதிர்கள்தான் செங்குத்தாக அறுத்த பலகையில் பட்டுச்சேலை மடிப்புபோல் மினுக்கும். ஓக்குக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்த மினுக்கத்துக்குத்தான். சிவப்பு ஓக்கா வெள்ளையா என்று அறிய ஒரு வெட்டுத்துண்டு கேட்டு, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுங்கள். குமிழி வந்தால் சிவப்பு. வெள்ளை ஓக்கின் நுண்துளைகள் அடைபட்டவை, பீப்பாய் செய்வது அதனால்தான்.

இதற்காக ரப்பர் மரத்தை மட்டம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் அது. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் விளக்கோடு போய்ச் சீவிய மரம். சொந்தப் பெயரில் விற்றாலே கௌரவமாக நிற்கும். மரச்சாமான் ஊரான மூவாரிலிருந்து கப்பலேறி வெளிநாட்டு வீடுகளுக்குப் போகிறது. இங்கே மட்டும் அதற்கு வெள்ளைக்காரன் பெயர் வேண்டியிருக்கிறது. மெம்பெனிங் என்று நம் காட்டிலேயே ஓக்கின் உறவு மரங்கள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்க ஆளில்லை.

"செங்கால் (chengal, நம் ஊர்க் கடின மரம்) இருக்க ஓக் எதற்கு" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: வாசலுக்கும் வெளித்திண்ணைக்கும் செங்காலேதான். ஓக் வீட்டுக்குள் மட்டும். அதன் வைரத்தையே (உள்மரத்தையே) நம் ஊர்க் கரையான் விட்டுவைக்காது, வெளிறு (வெளிமரம்) கலந்திருந்தால் மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டும் சேரும். காலடியில் மாவுபோல் தூள் கொட்டினால் அன்றே பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிடுங்கள்.

தினமும் தரை துடைக்கும் வீடென்றால், மேசைக்கால்களின் அடிமுனையில் எண்ணெய் ஊறும்வரை மூன்று நான்கு முறை பூசி, அந்த அடிமுனையில் ரப்பர்க் குமிழ் அடியுங்கள். நனைந்த தோசைக்கல்லை மேசைமேல் வைக்காதீர்கள், கறுப்பு வளையம் விழும். விழுந்தால் உப்புத்தாள் போடுமுன் ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவிப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்தெடுங்கள். மஞ்சள் கறைக்கு அதுகூட வேண்டாம், ஜன்னலோர வெயிலில் சில நாள் இருந்தால் தானே வெளுக்கும்.