வாசகர் கேள்வி – பதில்: நாற்பது நிமிடத்தில் எதை விடுவது?

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தமிழில் எழுதும்போது ஒரு சின்னச் சங்கடம் உண்டு. பொறியியல் மேற்படிப்புக்கான தேர்வையும் 'கேட்' என்றுதான் எழுதுகிறோம், ஐஐஎம்கள் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் தேர்வையும் 'கேட்' என்றுதான் எழுதுகிறோம். இந்தப் பக்கத்தில் வரும் கேட் எல்லாம் இரண்டாவதையே குறிக்கும்.

கேள்வி: சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் கணக்கில் நான்தான் முதல். ஆனால் பத்து மாதிரித் தேர்வுகள் எழுதிய பிறகும் 85 பர்சென்டைலைத் தாண்ட முடியவில்லை. அதிலும் கணக்குப் பகுதியில்தான் மிகவும் குறைகிறது. தேர்வு முடிந்து வீட்டில் உட்கார்ந்து போட்டால் எல்லாக் கணக்கும் வருகிறது. எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: 'வீட்டில் உட்கார்ந்து போட்டால் எல்லாம் வருகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. உங்களுக்குக் கணக்கு தெரியும்; எந்தக் கணக்கை விடுவது என்பதுதான் இன்னும் பழகவில்லை. முதல் கேள்வியில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது, விடைத்தாளில் வெற்றிடம் இருந்தால் அது குற்றம் என்று பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் கற்ற பழக்கத்தோடு உட்காருகிறவர்களை இந்தத் தேர்வு நன்றாகவே தண்டிக்கும்.

2024ஆம் ஆண்டுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 68 கேள்விகள். ஆங்கிலத்தில் 24, தரவு விளக்கமும் தர்க்கமும் சேர்ந்த பகுதியில் 22, கணக்கில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். அது முடிந்ததும் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர வழியில்லை. சரியான விடைக்கு 3 மதிப்பெண் என்பதால் முழு மதிப்பெண் 204. இதில் பாதியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ எடுத்தவர்கள்தான் வழக்கமாக 99 பர்சென்டைலில் நிற்கிறார்கள். அதாவது, சுமார் பாதி வினாத்தாளை விட்டுவிட்டு வருகிறவர் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு முன்னால் நிற்கிறார். வினாத்தாளே அப்படித்தான் அமைக்கப்படுகிறது என்று மனம் ஒப்பிவிட்டால், விடுவது தோல்வியாகத் தோன்றாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 3x + 7y = 100; x, y இரண்டும் 1 முதலான முழு எண்கள்; எத்தனை விடைகள் உண்டு? உங்களைப் போன்றவர் y-க்கு 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குவார். நான்கு நிமிடம் போய்விடும். y = 1 என்றால் x = 31 என்று முதல் விடை கிடைத்ததுமே நிறுத்தி யோசியுங்கள். y 3 கூடினால் இடப்பக்கம் 21 கூடுகிறது. அதைச் சமன்செய்ய x 7 குறைய வேண்டும். எனவே x-இன் மதிப்புகள் 31, 24, 17, 10, 3. அதற்குக் கீழே இறங்க முடியாது. விடை 5, நேரம் ஒரு நிமிடத்துக்குள். வழி கண்ணில் பட்டால் போடுங்கள், அரை நிமிடம் பார்த்தும் படவில்லை என்றால் நகருங்கள். இந்த முடிவை நாற்பது நிமிடத்தில் இருபத்திரண்டு முறை எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் சுற்றில் 22 கேள்விகளையும் கண்ணால் பார்த்து, கண்ட இடத்தில் வழி தெரிந்தவற்றை மட்டும் முடித்து, மற்றவற்றில் நம்பிக்கை தருபவற்றை இரண்டாம் சுற்றுக்குக் குறித்து வையுங்கள். கடைசிப் பக்கத்தில் இருந்த மூன்று எளிய கணக்குகளைப் பார்க்காமலே நேரம் முடிந்துபோவதுதான் உங்களைப் போன்ற கணக்குப் புலிகளுக்கு அடிக்கடி நேர்வது.

குத்துமதிப்பாக விடை குறிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வுசெய்யும் கேள்விக்குத் தவறானால் 1 மதிப்பெண் கழியும். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும், மூன்று தவறாகி 3 போகும், மிச்சம் பூஜ்யம். ஆனால் நான்கில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று தள்ள முடிந்தால் கணக்கு மாறுகிறது: இரண்டு கேள்விக்கு ஒன்று சரி என்று வைத்தால் 3 வந்து 1 போய், கேள்விக்குச் சராசரியாக 1 மதிப்பெண் மிஞ்சும். விடையை நாமே எண்ணாக உள்ளிடும் கேள்விகளுக்குத் தவறானாலும் கழிவே கிடையாது. அவற்றைச் சும்மா விட்டு வருவதில் அர்த்தமில்லை.

தரவு – தர்க்கப் பகுதியில் இந்தத் தேர்ந்தெடுப்பு இன்னும் கூர்மையாக வேண்டும். அங்கே கேள்விகள் தனித்தனியாக வருவதில்லை. 4 அல்லது 5 கேள்விகள் கொண்ட தொகுப்புகளாக வருகின்றன. தவறான தொகுப்பில் கால் வைத்தால் பதினைந்து நிமிடம் போய்க் கையில் ஒன்றும் இருக்காது. முதல் ஐந்து நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாத் தொகுப்புகளையும் படித்து, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அமைந்தால் அது உபரி.

பத்து மாதிரித் தேர்வுகள் எழுதியதாகச் சொல்கிறீர்கள். அவற்றை எத்தனை மணி நேரம் பிரித்துப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது மூன்று மணி நேர ஆய்வு வேண்டும். ஒரு நோட்டில், தவறான கேள்விகளோடு, மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துச் சரியாகப் போட்டவற்றையும் எழுதுங்கள். அந்தச் சரியான விடைகள்தான் உங்களை 85-இல் பிடித்து வைத்திருக்கின்றன.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பி.காம். இறுதியாண்டு. கணக்கில் பயமில்லை. ஆங்கிலப் பகுதியை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாமா? தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படிக்கச் சொல்கிறார்கள். படிக்கிறேன், முன்னேற்றம் தெரியவில்லை.
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: விட முடியாது. ஐஐஎம்கள் மொத்த பர்சென்டைலுக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச வரம்பு வைக்கின்றன. ஒன்றில் சறுக்கினால் மற்ற இரண்டில் எவ்வளவு எடுத்தாலும் அழைப்பு வராது.

ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இது 'ஆங்கிலத்' தேர்வு அல்ல. இலக்கண விதியோ அருஞ்சொற்பொருளோ இன்று நேரடியாகக் கேட்கப்படுவதில்லை. 24 கேள்விகளில் 16 வாசிப்புப் பகுதிகளிலிருந்து வருகின்றன. மற்றவை கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பத்தியின் சாரத்தைத் தேர்வது போன்றவை. எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பிடிப்பதுதான் வேலை. தமிழ்க் கட்டுரையை ஊன்றிப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் திறனில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

தலையங்கம் பயன் தராததற்குக் காரணம் உண்டு. அது அன்றைய அரசியலைப் பற்றியது. பின்னணி உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் வரிகளைப் படிக்காமலே பொருள் விளங்கிவிடுகிறது. தேர்வில் வருவதோ மானுடவியல், தத்துவம், சூழலியல், கலை வரலாறு என்று அறிமுகமே இல்லாத நிலம். அப்படிப்பட்ட நீண்ட கட்டுரைகளை இணையத்தில் தேடி, நாளுக்கு ஒன்று படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆம், தமிழில்தான். சொல்ல வரவில்லை என்றால் பத்தி விளங்கவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் சொன்னால் அதே சொற்களைத் திருப்பிப் போட்டு நம்மையே ஏமாற்றிக்கொள்வோம்.

இன்னொரு பொறியையும் கவனியுங்கள். கட்டுரையாளர் முதல் பத்தியில் பிறர் கருத்தை விரிவாக, கிட்டத்தட்ட தம் கருத்தைப் போலவே சொல்லிவிட்டு, இரண்டாம் பத்தியில் 'ஆனால்' என்று திரும்புவார். அவசரமாகப் படிப்பவர் முதல் பத்தியையே அவர் நிலைப்பாடாக எடுத்துக்கொள்வார். தவறான விடைகளில் ஒன்று அவருக்காகவே காத்திருக்கும். உலகத்தில் உண்மையாக இருந்தும் கட்டுரையில் இல்லாத விடை, 'மட்டுமே', 'எப்போதும்' என்று ஒரு படி மிகைப்படுத்திய விடை ஆகியவையும் இதே வகை. நான்கு மாதம் இப்படிப் படித்தால் வேகம் வரும். முதல் மாதத்தில் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிப் பிரிவினருக்கு 45 சதவீதம் போதும்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 71 சதவீதம்தான். 'பத்தாம் வகுப்பு மதிப்பெண் குறைந்தால் ஐஐஎம் கிடையாது' என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள்; சொன்ன கையோடு இரண்டாண்டு வகுப்புக்குப் பணம் கட்டவும் சொன்னார்கள். எதை நம்புவது?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: ஐயா, அவர்கள் சொன்ன முதல் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும்போது தேர்வு மதிப்பெண்ணோடு பத்து, பன்னிரண்டு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும், பணி அனுபவத்தையும் நிறுவனங்கள் சேர்த்துப் பார்க்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்பது ஒவ்வோர் ஐஐஎம்முக்கும் வேறுபடும். பெங்களூரு ஐஐஎம் பள்ளி மதிப்பெண்களுக்குக் கணிசமான இடம் தருவது தெரிந்த விஷயம். இருபதுக்கும் மேற்பட்ட ஐஐஎம்களில் எல்லாமே அப்படி அல்ல. நம் திருச்சியிலும் ஒன்று இருக்கிறது. கேட் மதிப்பெண்ணை ஐஐஎம் அல்லாத பல நல்ல கல்லூரிகளும் ஏற்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் தேர்வு முறையைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. உங்கள் மகனின் மதிப்பெண்ணை அதில் பொருத்திப் பார்த்து, அவருக்குத் தோதான பத்து இடங்களைப் பட்டியலிடுங்கள். இரண்டாண்டு வகுப்பு தேவையில்லை. மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்றும், எட்டு மாத ஒழுங்கான உழைப்பும் போதும் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் சாதிச் சான்றிதழில் எம்.பி.சி. என்று இருக்கிறது. விண்ணப்பத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லையே?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: பி.சி., எம்.பி.சி. என்பவை தமிழ்நாடு அரசின் பிரிவுகள். ஐஐஎம்கள் மத்திய அரசின் கீழ் வருவதால் அங்கே ஓ.பி.சி., அதிலும் 'கிரீமி லேயர்' எனப்படும் வசதி படைத்தோர் அல்லாதவர் என்ற பிரிவுதான் செல்லும். அவர்களுக்கு 27 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. உங்கள் சாதி ஓ.பி.சி.க்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இ-சேவை மையம் வழியாக ஓ.பி.சி. சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். கையிலுள்ள சாதிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. பதிவு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் முடிகிறது, அதற்குப் பிறகு பிரிவை மாற்ற முடியாது. எனவே ஜூன் மாதத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். கட்டணச் சலுகை ஓ.பி.சி.க்குக் கிடையாது, 2025இல் பொதுக் கட்டணம் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு 1,300 ரூபாய்.

கேள்வி: காலை வேளைத் தேர்வு எளிது, மாலை வேளை கடினம் என்கிறார்கள். காலையைக் கேட்டு வாங்க முடியுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. நகரங்களைத்தான் விருப்ப வரிசையில் குறிக்கலாம். மூன்று வேளைகளில் எது என்பதை அவர்களே ஒதுக்குவார்கள். மூன்று வேளைகளுக்கும் வினாத்தாள் வேறு என்பதால், கடினத்தில் உள்ள வேறுபாட்டைச் சமன்செய்த பிறகே பர்சென்டைல் கணக்கிடப்படுகிறது. அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததும், மீதியுள்ள மாதிரித் தேர்வுகளை அதில் அச்சிட்டிருக்கும் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். மாலை நாலரைக்குத் தொடங்கும் தேர்வென்றால், ஞாயிற்றுக்கிழமை மதியம் பலமாகச் சாப்பிட்டுத் தூங்கும் பழக்கத்தையும் அந்த வாரங்களில் விட்டுவிடுங்கள்.